பாதிச் சுவருக்குக் காப்பி நிறம்

"செவுரு முழுக்க வெள்ள. கீழருந்து மேல வரைக்கும். அப்பத்தான் வாரேன்."

என் மனைவி போனில் சொன்னது அவ்வளவுதான். மூன்று மாதமாக அவளும் என் மகளும் சுங்கை சிப்புட்டில் அவள் அக்கா வீட்டில் இருந்தார்கள். அந்த மூன்று மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. காலில் விழு என்றால் விழுந்திருப்பேன். கோயிலுக்கு வந்து சூடம் அடித்துச் சத்தியம் பண்ணு என்றால் பண்ணியிருப்பேன். அவள் கேட்டது சுவருக்குச் சாயம். எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதற்குத்தான் கோபம் வராது? லோரி டயரில் கல் மாட்டினால் கல்லைத் திட்டுகிற ஆள் நான்.

ஏன் வெள்ளை என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்கே தெரியும்.

அது சமையலறையை ஒட்டிய அறை. நாங்கள் மேசை போட்டுச் சாப்பிடுவது அங்கேதான். அப்பாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு அவருடைய கட்டிலையும் அங்கேயே போட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கல்லுமலைக்கு இரண்டு நடை லோரி ஓட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மகளைத் தாதியாக, நர்ஸாகப் படிக்க அனுப்பப் படிவம் நிரப்பி, என்னைக் கேட்காமல் தானே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டதாக என் மனைவி சொன்னாள். நல்ல செய்தி. எவனாக இருந்தாலும் சந்தோஷப்படுவான். நான் அவள் தலைமுடியைப் பிடித்துத் தள்ளினேன். சன்னல் கம்பியின் முனையில் நெற்றி பட்டுக் கிழிந்தது. சுவரில் ரத்தம் தெறித்தது.

சுவரின் கீழ்ப்பாதி காப்பி நிறம், எண்ணெய்ச் சாயம், பளபளவென்று இருக்கும். மேல்பாதி வெள்ளை. ரத்தம் தெறித்தது கீழ்ப்பாதியில். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா சத்தம் கேட்டு வந்து கேட்டைத் தட்டுவதற்குள் நான் ஈரத்துணியை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்துவிட்டேன். அவர் அறை வாசலில் வந்து நின்றார். சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். என் மனைவி நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு நின்றாள். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று நான் மலாயில் சொன்னேன். அவர் மறுபடி சுவரைப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. போய்விட்டார்.

நெற்றியில் நாலு தையல். கிளினிக்கிலிருந்து திரும்பும்போது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்னையப் பாக்கறதுக்கு முன்னால செவத்தத் தொடச்சீங்கல்ல?"

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது இரண்டு பேரும் வீட்டில் இல்லை.

இந்தப் பாதிப் பாதிச் சுவர் எங்கள் குடும்பத்துச் சொத்து. கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லயத்து வீட்டில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். லயத்து வீடு அத்தனையிலும் சுவரின் கீழ்ப்பாதியில் கருப்பாக ஒரு பூச்சு, மேலே சுண்ணாம்பு. தோட்டத்து நிர்வாகம் அப்படித்தான் அடித்துக் கொடுக்கும். சேறு, வெற்றிலை எச்சில், பிள்ளைகளின் கைத்தடம் எதுவும் தெரியாது. தோட்டத்து அதிகாரியான கிராணி மேற்பார்வைக்கு வந்தால் எல்லா வீடும் சுத்தமாக இருக்கும். எங்கள் வீடும்தான் சுத்தமாக இருந்தது. என் அப்பா, ரப்பர் பால் வாளி சுமக்கிற காண்டா கம்பால் என் அம்மாவை அடித்த வீடு அது.

அம்மா அடி வாங்கும்போது சுவரோரம் குந்திவிடுவாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அவள் தலை கருப்பும் வெள்ளையும் சேரும் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். அப்பாவின் கம்பு மேலிருந்து வரும். நான் சின்னப் பையன். அடி எல்லாம் கோட்டுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு, கம்பு கோட்டுக்கு மேலே இருக்கிறவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் முதுகை ஒட்டி நின்று, என் தலை கோட்டைத் தாண்டிவிட்டதா என்று தினமும் கையை வைத்துப் பார்ப்பேன். பதினேழு வயதில் அப்பாவை வாயிலேயே குத்தினேன். ஒரு பல் போயிற்று. அம்மா எழுந்து வந்து என்னை ஓங்கி அறைந்தாள். அப்பாவுக்குச் சுடுதண்ணீரும் உப்பும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்குப் பிறகு அப்பா என்மேல் கை வைத்ததில்லை. அம்மாவை விட்டுவிடவுமில்லை. நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அடித்தார்.

தோட்டம் விற்றுப்போய் நாங்கள் ஈப்போ ஓரத்தில் இந்தக் கல்வீட்டுக்கு வந்தபோது, பால் காய்ச்சுவதற்கு முன்னாலேயே அப்பா சாயம் வாங்கி வந்துவிட்டார். நெஞ்சு உயரத்துக்குக் கயிறு பிடித்துக் கோடு போட்டார். கீழே காப்பி, மேலே வெள்ளை. சொந்த வீடு! எந்த நிறம் வேண்டுமானாலும் அடிக்கலாம். எந்தக் கிராணியும் வரப்போவதில்லை. மனுஷன் தோட்டத்துச் சுவரையே தூக்கிக்கொண்டு வந்து நட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அதன்மேலேயே இன்னொரு பூச்சு. அவருக்குக் கை விழுந்த பிறகு நான் அடித்தேன், அதே நிறத்தில். எனக்கு அது தப்பு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அழுக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

சாயம் வாங்கப் போனேன். ஹார்ட்வேர் கடைக்காரர் முஸ்லிம் தமிழர், என் வயசுதான். நான் பாய் என்பேன், அவர் மச்சான் என்பார்.

"வெள்ள ஒரு டின்னு. காப்பி ஒரு டின்னு."

"எத்தன ரூமு மச்சான்?"

"ஒண்ணுதான்."

"ஒரு ரூமுக்கு ரெண்டு கலரா? கீழ காப்பி, மேல வெள்ளயா?" அவர் சிரித்தார். "நீ இன்னும் தோட்டத்த வுட்டு வரவே இல்லயா? இப்பல்லாம் நம்மாளுங்க ஊதா கேக்குறாங்க லா. ஊதா அடி. கூகுள் இல்லாமலே வூட்டக் கண்டுபுடிச்சிரலாம்."

"ரெண்டு டின்னையும் எடுங்க பாய்."

"வூட்டுக்காரம்மா என்ன சொன்னாங்க?"

"முழுக்க வெள்ள."

"அப்ப வெள்ளயவே அடிச்சுட்டுப் போயேன். இதுல என்ன சுசா, என்ன கஷ்டம் ஒனக்கு?"

நான் மேசையில் ஓங்கிக் குத்தினேன். நிற அட்டைகள் விசிறிபோலக் கீழே சிதறின. கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாய் சிரிப்பை நிறுத்தினார். குனிந்து ஒவ்வொரு அட்டையாகப் பொறுக்கினார். நான் உதவவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"காப்பிய மூடி தொறக்காம வச்சிரு," என்றார் மெதுவாக. "வேணாம்னா திருப்பிக் கொண்டா. நான் எடுத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் திறந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளை ஏமாற்றத்தான் நினைத்தேன். மேலே பளிச்சென்று வெள்ளை, கீழே புதுக் காப்பி. வந்து பார்த்தால் அழகாக இருக்கிறதே என்று மனம் மாறிவிடாதா என்று ஒரு நப்பாசை. அதற்குமுன் எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சன்னலுக்குப் பக்கத்தில் சுவரின் கீழ்ப்பாதியில் இரண்டு சதுரம் அடித்தேன். ஒன்று வெள்ளை, ஒன்று காப்பி. ஒவ்வொன்றும் ஒரு தட்டு அகலம். காய்ந்ததும் நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். காலையில் வெள்ளை கண்ணைக் கூச வைத்தது. மத்தியானம் சன்னல் வெளிச்சம் நேரே விழுந்தபோது அதில் ரோலர் இழுத்த ஒவ்வொரு கோடும், பழைய சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரிந்தது. காப்பி எந்த நேரத்திலும் ஒரே மாதிரி இருந்தது. மொழுமொழுவென்று, எதையும் சொல்லாமல்.

"காப்பிதான்டா," என்றார் அப்பா கட்டிலிலிருந்து. கை கால்தான் ஒரு பக்கம் போய்விட்டதே தவிர, வாய்க்குப் பழுதில்லை. "வெள்ள அடிச்சா பொம்பள எண்ணிக்கிட்டே இருப்பா."

"என்னத்த எண்ணுவா?"

அவர் சுவரைப் பார்த்தார்.

நான் சமையலறைக்குப் போய் முந்தின நாள் மீன்குழம்பை எடுத்து வந்தேன். ஒரு கரண்டி வெள்ளையில் வீசினேன், ஒரு கரண்டி காப்பியில். முதலில் மெதுவாகத்தான். பிறகு கை சூடு பிடித்துவிட்டது. காப்பித்தண்ணீரை வீசினேன். சம்பலை வீசினேன். கடைசியில் குழம்புச் சட்டியையே தூக்கி அடித்தேன். சட்டி சுவரில் பட்டுத் திரும்பி என் முழங்காலில் விழுந்தது. அப்பா கட்டிலில் கிடந்து 'அடி, அடி' என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அந்தச் சுகம்தான் என்னைப் பயமுறுத்தியது. அந்த அறையில் அன்று எனக்கு யார்மேலும் கோபமே இல்லை. கோபம் இல்லாமலே கை வீசிக்கொண்டிருந்தது.

முழங்காலில் ரத்தம் வந்திருந்தது. அதையும் விரலில் தொட்டு இரண்டு சதுரத்திலும் வைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஒரு மணி நேரம் கழித்து ஈரத்துணியால் துடைத்தேன். காப்பிச் சதுரத்தில் எல்லாம் போய்விட்டது, குழம்பு, சம்பல், ரத்தம், எல்லாம். வெள்ளையில் குழம்பு மஞ்சளாக ஊறிப் படிந்துவிட்டது. ரத்தம் தேய்க்கத் தேய்க்கப் பெரிதானது. சாயங்காலம் பார்த்தபோது அது காய்ந்து, பக்கத்துச் சதுரத்தின் நிறத்துக்கே வந்திருந்தது. ரத்தம் காய்ந்தால் காப்பி நிறம். இத்தனை வருஷம் எனக்கு அது தெரியவே தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்குமோ என்று கேட்க வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் கீழ்ப்பாதியைச் சுரண்ட ஆரம்பித்தேன். எண்ணெய்ச் சாயத்தின்மேல் வெள்ளை நாள்பட நிற்காது, சுரண்டித்தான் ஆகவேண்டும். பிளேடை வைத்து இழுத்தால் பட்டை பட்டையாக வந்தது. ஒரு தீபாவளியின் காப்பி, அதற்கடியில் முந்தின தீபாவளியின் காப்பி, அதற்கும் அடியில் இன்னொன்று. தூசி வாயெல்லாம் போய்க் கசந்தது. சன்னலுக்குக் கீழே, மூலையில், இரண்டு பூச்சுக்கு நடுவில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. நீளமான முடி. வேரோடு இருந்தது. பிய்ந்து ஒட்டியதன்மேல் பார்க்காமல் சாயம் அடித்திருக்கிறோம், அப்பாவோ நானோ. அம்மாவுடையதா என் மனைவியுடையதா என்று தெரியவில்லை. அம்மா செத்த அன்றைக்கும் முடி கருகருவென்றுதான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டேன். வாய்விட்டு அழுதேன். அப்பா, "என்னடா பொட்டச்சி மாதிரி" என்றார். கையிலிருந்த பிளேடை அவர் தலைக்கு மேலே சுவரில் எறிந்தேன். அது பட்டுத் தெறித்து அவர் போர்வையில் விழுந்தது. ஒரு சாண் கீழே போயிருந்தால் கண்.

காப்பி டின்னை இறுக்கி மூடிப் பின்பக்கக் கொட்டகையில் வைத்தேன்.

வெள்ளை அடிக்க அப்பாவை அறையிலிருந்து வெளியேற்ற வேண்டியிருந்தது. போகமாட்டேன் என்றார். இது ஆஸ்பத்திரியா, நான் என்ன பொணமா என்று கத்தினார். கட்டிலோடு சேர்த்து ஹாலுக்கு இழுத்தேன். கதவுச் சட்டத்தை நல்ல கையால் பிடித்துக்கொண்டார். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அப்போது குனிந்து என் முன்னங்கையைக் கடித்தார். மிச்சமிருந்த பல் அத்தனையும் பதிந்தது. நான் அவர் கன்னத்தைப் பிடித்து நசுக்கி வாயைத் திறக்க வைத்தேன். எண்பது வயசுக் கிழவனும் ஐம்பது வயசு மகனும் கதவு நிலையில் கட்டிப் புரண்ட கதையை வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டு நாளில் மூன்று பூச்சு அடித்து முடித்தேன். கோடு போய்விட்டது. அறை பெரிதானதுபோல் இருந்தது. ஒளிய ஓர் இடம் இல்லாமல் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வந்தார்கள். மகள் முன்னால் வந்தாள். என் மனைவி செருப்பைக் கழற்றி, கையிலிருந்த பையைக் கீழே வைக்காமலே அறைக்குள் போனாள். அவள் நெற்றியில் தழும்பு வெளுத்திருந்தது. சுவரை மூலையிலிருந்து மூலைவரை பார்த்தாள். சன்னலுக்குக் கீழே குனிந்து விரலால் தடவினாள்.

"நீங்களே சொரண்டுனீங்களா?"

"நாந்தான்."

"கையில என்ன?"

"அப்பா கடிச்சுட்டாரு."

மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். என் மனைவியின் உதடும் அசைந்தது. ஐயோ, அந்த ஒரு நிமிஷம்! எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அவள் பையைக் கீழே வைத்தாள்.

சோறும் மீன்குழம்பும் நானே ஆக்கி வைத்திருந்தேன். அப்பாவின் கட்டிலை மறுபடி அறைக்குள், சுவரோரம் தள்ளிப் போட்டிருந்தேன். அவருக்குத் தட்டைக் கொடுத்தேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பொண்டாட்டி சொன்னான்னு செவத்துக்கு வேட்டி கட்டி வுட்டியா?"

சொல்லிக்கொண்டே தட்டைச் சுவரில் அடித்தார். நல்ல கை, பழைய கை. குழம்பு வெள்ளைச் சுவரில் பெரிய தேங்காய் அளவுக்குப் பரவி வழிந்தது.

நான் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று எழுதினால் பொய். புறங்கையால் அவர் வாயில் அடித்தேன். அவர் தலை சுவர்ப்பக்கம் திரும்பியது. ஈறு கிழிந்து மூன்று துளி சுவரில் தெறித்தது, குழம்புக் கறைக்கு மேலே, தனியாக.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சமையலறைக்கு ஓடி ஈரத்துணியை எடுத்து வந்தேன். அப்பாவின் வாயைத் துடைக்க இல்லை. சுவரைத் துடைக்க. என் மகள் குறுக்கே வந்து நின்றாள். துணியை என் கையிலிருந்து பிடுங்கினாள். நான் இழுத்தும் விடவில்லை.

"தொடைக்காதீங்கப்பா."

பிறகு அவள் அந்தத் துணியை அலசிக் கொண்டுவந்து தாத்தாவின் வாயைத் துடைத்தாள்.

என் மனைவி வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டாள். அவர் வந்து அதே இடத்தில் நின்றார், அன்றைக்கு நின்ற அதே வாசலில். இந்தத் தடவை சுவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். வழுக்கி விழுந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எத்தனன்னு எண்ணிக்க," என்றாள் என் மனைவி மகளிடம்.

"மூணும்மா."

என் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று பார்த்தேன். சாதாரணமாகப் பேசினாள்.

"இதுல கைய வைக்காதீங்க. மேல சாயமும் அடிக்காதீங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இந்தச் செவத்தப் படம் புடிச்சு புள்ளைக்கு அனுப்புங்க. தீவாளி வரைக்கும் மூணு மூணாவே இருந்தா நான் வாரேன். நாலாச்சுன்னா இனிமே என்னையக் கூப்புடாதீங்க. அவ்வளவுதான். என்னால இதுக்கு மேல தாஹான் பண்ண முடியாது."

பையை எடுத்தாள். போய்விட்டாள்.

அதிலிருந்து அந்த அறையில் நானும் அப்பாவும் சுவரும்தான். ஞாயிறு காலையில் சன்னலைத் திறந்து வைத்துப் படம் எடுப்பேன். மகள் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மூணு" என்று பதில் போடுவாள். வேறு ஒரு வார்த்தை இருக்காது. அந்த ஒரு வார்த்தைக்கு நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

விஷயம் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. என்னைவிட நன்றாகப் புரிந்தது. "அடிடா," என்பார், சோற்றைத் துப்பிவிட்டு. "செவுரு பாக்குதுல்ல? அடி பாப்போம்." படுக்கையிலேயே மூத்திரம் போய்விட்டு, பந்தயத்தில் ஜெயித்தவன்போல் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் துணியை மாற்றுவேன். பல்லைக் கடித்துக் கடித்து என் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தே போயிற்று. தாங்க முடியாவிட்டால் பின்பக்கம் போய்க் கொட்டகைக் கதவை உதைப்பேன். உள்ளே காப்பி டின் இருந்தது. சுவரை மூட ஒரு மணி நேர வேலை. ஆனால் மகளுக்கு அனுப்ப அப்புறம் என்ன படம் இருக்கும்? மறுபடி அறைக்கு வருவேன். அவர் சிரித்துக்கொண்டிருப்பார். அவருக்கு வலித்திருக்கும், அந்த மூன்று துளியும் அவருடையது, எனக்கு மறக்கவில்லை. மறக்காததால்தான் துணியை மாற்றினேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. மழைக்காலம், கொசு பிடுங்கி எடுத்தது. சனிக்கிழமை சாயங்காலம் நான் அவருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் நல்ல கையைத் தூக்கிப் படாரென்று சுவரில் அடித்தார். கையை எடுத்தார். நன்றாகக் குடித்த கொசு. வெள்ளையில் சிவப்பாக, மூன்று துளிக்கு ஒரு முழம் தள்ளி, நாலாவது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

கொசுவின் கால் ஒன்று அதில் ஒட்டியிருந்தது. அது உதிராமல் இருக்க வேண்டுமே என்று கும்பிட்டேன். காலையில் பார்த்தபோது உதிர்ந்துவிட்டிருந்தது. துளி காய்ந்து காப்பி நிறமாகி, மற்ற மூன்றுக்கும் அண்ணன் தம்பிபோல இருந்தது. நகத்தால் சுரண்டினால் போய்விடும். ஈரத்துணி சமையலறையில் இருந்தது. எத்தனை தடவை துடைத்திருக்கிறேன், இன்னும் ஒரு தடவைதானே? துணி வரை போனேன், கையில்கூட எடுத்தேன். பிறகு வைத்துவிட்டு வந்து, நாலு துளியும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பினேன். கீழே எழுதினேன்: 'நாலாவது துளி கொசு. தாத்தா அடித்தார். சத்தியம்.'

எழுதிவிட்டு நானே படித்துப் பார்த்தேன். எனக்கே பொய்யாகத்தான் பட்டது.

வழக்கமாக உடனே வரும் பதில் வரவில்லை. அரை மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. மனைவி. அவளாகவே கூப்பிடுகிறாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். போனை மாமாகிட்டக் குடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

அப்பாவின் நெஞ்சின்மேல் போனை வைத்தேன்.

"மாமா," என்றாள். மாமா என்றுதான் எப்போதும் கூப்பிடுவாள், அவர் தட்டை எறிந்த நாளிலும் அப்படித்தான் கூப்பிட்டாள். "செவத்துல நாலாவதா ஒண்ணு இருக்கே. அது என்ன? உள்ளதச் சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். பொக்கையும் பல்லுமான வாயை நாக்கால் தடவிக்கொண்டார். நான் முப்பது வருஷத்துக்கு முன் உடைத்த பல்லின் இடம் அதில் இருந்தது. அவர் கேட்டால் அந்த நிமிஷம் நான் அவர் காலைப் பிடித்திருப்பேன். அவர் எதுவும் கேட்கவில்லை.

"அடிச்சான்மா," என்றார்.

"யாரு?"

"ஒம் புருசந்தான். வேற யாரு இருக்கா இங்க?"

அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. மகளாக இருக்கலாம். போன் வைக்கப்பட்டது.

என் கை தோளுக்கு மேலே எழுந்துவிட்டது. என் உடம்பில் இருக்கிற அத்தனை பலமும் அதில் இருந்தது. அப்பா அதைப் பார்த்தார். சிரிக்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார், என் அம்மா திருப்புகிற மாதிரியே.

அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கையை இறக்கினேன். அடிக்கவில்லை. சுவரில் நாலுதான் இருந்தது. வீட்டில் அதைப் பார்க்க யாரும் இல்லை.